சீட்டு ஒட்டிய கதவுகள்

இருபத்தேழு வீட்டுக் கதவுகளில் பொய்ச் சீட்டு ஒட்டியவன் நான். மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் அவற்றை ஒன்றுவிடாமல் கிழித்தவனும் நான்தான். அந்தச் சீட்டுகளை நம்பி ஒரு பையன் ஒரு கதவையும் தட்டாமல் திரும்பினான். அதன்பின் அவன் படிப்பு நின்றது.

போன மாதம் பழைய சாரணர்கள் நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூடினோம் அல்லவா? சாப்பாட்டுப் பந்தியில் நம்மில் ஒருவர் அந்தப் பழைய கதையை எடுத்தார். "தெரு தெரியாத சாரணன்" கதை. வேலை கேட்கப் போன பையன் தெரு மாறிப் போய், வேறெங்கோ சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்த கதை. நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். உங்கள் மேல் தவறில்லை, நமக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது. நான் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டு பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம்தான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நமக்கு ஐம்பது கடந்துவிட்டது; எனக்கு நெஞ்சில் ஒரு ஸ்டென்ட் இருக்கிறது; மகள் வயிற்றுப் பேரன் என்னைத் தாத்தா என்கிறான். ஆகவே கிழவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிழவனுக்குத் தள்ளிப்போட நாள் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். பசுமலைப் பக்கத்துப் பள்ளி. நான் ஒன்பதாம் வகுப்பு. நம் சாரணர் படை மலைக்கு முகாம் போவதாக இருந்தது. பெரும்பாலோர் வீட்டிலிருந்து பணம் கட்டிவிட்டீர்கள். கட்ட முடியாத பையன்களில் அணிக்கு ஒருவனைப் படையே தன் செலவில் கூட்டிப்போகும் என்று நம் சாரணர் ஆசிரியர், சார், சொன்னார். எங்கள் அணியில் கட்ட முடியாதவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். என் அப்பா ஒரு ஜவுளிக் கடையில் துணி மடித்துப்போடும் வேலையில் இருந்தார். மற்றவன் என் சேக்காளி, உயிர்ச் சிநேகிதன்.

அவன் பரவைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவான். அவன் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். கத்தரியும் கொத்தமல்லியும் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவார். பையனின் புத்தகப்பையில் எப்போதும் மல்லித்தழை வாசனை இருக்கும். அதிகம் பேசமாட்டான். ஆனால் முடிச்சுப் போடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆறு முடிச்சு போடுவான், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

சாரணர்கள் இடது கையால் கை குலுக்குவோம். கேடயம் பிடிக்கும் கையைக் கேடயத்தைக் கீழே போட்டுவிட்டு நீட்டுவது நம்பிக்கைக்கு அடையாளம் என்று சார் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் நாங்கள் அப்படிக் கை குலுக்குவதை, மகனைக் கூட்டிப்போக வந்த சேக்காளியின் அப்பா பார்த்துவிட்டார்.

"அடேய், எந்தக் கையிலடா குலுக்குறீக? கழுவுற கையிலயா? இதையா பள்ளிக்கூடத்துல சொல்லித் தாராக?"

"இது நெஞ்சுக்குப் பக்கத்துல இருக்குற கைய்யா" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நெஞ்சு கெடக்கட்டும். வாய் எங்கடா இருக்கு உனக்கு? எம்புட்டுத் தூரத்துல இருக்கு?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, சந்தையில இவன உக்கார வச்சா வந்த ஆளுகிட்ட வெலையச் சொல்ல மாட்டேங்குறான். ஊமைப் பயலப் படிக்க வச்சு என்ன செய்ய? நான் ஒன்னு சொல்லியிருக்கேன். நாலு வீட்டு வாசல்ல நின்னு, வாயத் தொறந்து வேலை கேட்டு, அந்தச் சம்பாத்தியத்துல மலைக்குப் போயிட்டு வரட்டும். அப்ப இவனுக்கு வாய் இருக்குன்னு ஒத்துக்கிறேன். பன்னெண்டு வரைக்கும் படிக்க வைக்கிறேன். இல்லேன்னா முழுப் பரிட்சை முடிஞ்ச மறுநாளு தலையில கூடை."

விளையாட்டுப் பேச்சுப் போலத்தான் சொன்னார். ஆனால் சேக்காளியின் முகத்தில் விளையாட்டு இல்லை. அவன் அப்பா சொன்னால் சொன்னதுதான் என்பது அவனுக்குத் தெரியும். அன்று முதல் எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

முகாம் செலவுக்காக நடந்தது வேலை வாரம். சார் ஒரு அட்டையும் காசு டப்பாவும் சீட்டுக் கட்டும், சைக்ளோஸ்டைல் எடுத்த விதித் தாளும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, வரி வரியாக வாசித்தார். நமக்கு அது மனப்பாடம். சீருடை துவைத்துத் தேய்த்திருக்க வேண்டும். செருப்பைப் படிக்குக் கீழே விட வேண்டும். நாம் நன்கொடை கேட்கவில்லை, வேலை கேட்கிறோம். ஆகவே முதலில் வேலை, பிறகுதான் காசு. கொடுப்பதை வீட்டுக்காரர் எதிரில் எண்ணக் கூடாது; நேராக டப்பாவில் போட வேண்டும். எட்டணா கொடுத்தாலும் ஐந்து ரூபாய் கொடுத்தாலும் ஒரே வணக்கம்தான். பெரியவர்கள் இல்லாத வீட்டுக்குள் போகக் கூடாது. தாகத்துக்குத் தண்ணீர் வாங்கலாம், பலகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. இல்லை என்று சொல்பவர்களுக்கும் நன்றி சொல்லிவிட்டே வர வேண்டும். வேலை முடிந்ததும் அட்டையில் கையெழுத்து வாங்கி, கதவு நிலையில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். "சாரணர் பணி முடிந்தது. நன்றி" என்று அச்சிட்டு, சாரணர் சங்கத்தின் ஊதா முத்திரை குத்திய சீட்டு.

கடைசி விதியை சார் இரண்டு முறை வாசித்தார். "சீட்டு ஒட்டியிருக்கிற கதவைத் தட்டாதே. குடுத்தவுககிட்டயே மறுபடி போயி நிக்கிறது நம்ம மானத்துக்கும் கேவலம், அவுகளுக்கும் தொல்லை. சீட்டப் பாத்தா அந்த வீட்டுக்கு மனசுக்குள்ள ஒரு சல்யூட் வச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிரணும்."

பணம் கட்ட முடியாத எங்கள் இருவரில் எவன் அட்டையில் கையெழுத்து அதிகமோ அவனுக்குத்தான் அந்த இலவச இடம்.

அந்த வாரம் முழுக்க சேக்காளி ஒரே வாக்கியத்தைப் பழகினான். மைதானத்து ஓரத்தில் நான் வீட்டுக்காரனாக நிற்பேன். அவன் நாலடி தள்ளிப் போய்த் திரும்பி வந்து, இல்லாத கதவைத் தட்டுவான்.

"வணக்கம்மா. நாங்க சாரணர் படையிலருந்து வாரோம். உங்க வீட்டுல எதாச்சும் வேலை இருந்தாக் குடுங்க."

"வேலையும் இல்ல, வெட்டியும் இல்ல. போப்பா அங்கிட்டு" என்பேன்.

"நன்றிம்மா. வாரேன்."

"ஏன்டா, போகச் சொல்றேன், வாரேங்கிற?"

அவன் சிரித்துவிடுவான். பிறகு மறுபடியும் நாலடி. நான் நாய் போலக் குரைப்பேன், காது கேளாத கிழவராவேன், "உள்ள வந்து அம்மியத் தூக்கு" என்று மிரட்டுவேன். வெள்ளிக்கிழமைக்குள் அவனுக்கு அந்த வாக்கியம் திக்காமல் வந்தது. அவனுக்கு வாயைத் திறக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். அந்த வாயை அடைத்ததும் நான்தான்.

தெருக்களைக் குலுக்கல் போட்டார்கள். சார் தம் தொப்பியை மல்லாத்தித் தெருப் பெயர் எழுதிய துண்டுகளைப் போட்டு நீட்டினார். எனக்கு வந்தது மதில் சுவர் வீடுகள் உள்ள ஒரு நீண்ட சாலை. சேக்காளிக்கு வந்தது வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு அருகே ஒரு சந்து. எங்கள் தெருவுக்குப் பின்தெரு அது.

அந்தத் தெருவை உங்களுக்குத் தெரியாது. எங்கள் சௌராஷ்டிர சனம் நெருக்கமாக வாழ்ந்த இடம். மூன்றாவது வீட்டில் என் பெரியம்மா. எதிரில் அப்பாவின் சிநேகிதர். ஏழெட்டு வீட்டில் எங்கள் வீட்டு மொழி பேசும் உறவுக்காரர்கள். நாள் முழுக்க நெசவும் சாயமும் வியாபாரமுமாக இருக்கிறவர்கள். ஒரு பையன் வந்து தண்ணீர் தூக்கிக் கொடுத்தால் கையெழுத்தும் போடுவார்கள், கையில் முறுக்கும் திணிப்பார்கள். அந்தத் தெரு எனக்கே வரும் என்று எப்படியோ நம்பிக்கொண்டிருந்தேன். அது என் தெரு என்ற எண்ணம்.

"மாப்ள, உங்க பின்தெருவாம்ல! ஆளுக எப்படி?" என்றான் அவன்.

"நல்லவுகதான்" என்றேன்.

என் சாலையில் நான் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அலைந்தேன். இரும்புக் கதவுக்குப் பின்னால் நாய்கள். "ஐயா ஊர்ல இல்ல" என்ற குரல்கள். ஒரு வீட்டில் காரைக் கழுவினேன், ஒரு வீட்டில் காய்ந்த இலைகளைப் பெருக்கினேன். அட்டையில் ஆறு கையெழுத்து. அந்த இரண்டு நாளும் சாயங்காலம் தன் அப்பாவோடு காய் கட்டப் போக வேண்டும் என்பதால், சேக்காளி தன் தெருவுக்குச் சனிக்கிழமை வருவதாக இருந்தான்.

வெள்ளி சாயங்காலம், சீருடையைக் கழற்றாமலே பின்தெருவுக்குப் போனேன். ஒளிந்து போகவில்லை. வெளிச்சத்தில்தான் போனேன். என் சீட்டுக் கட்டில் மீதமிருந்தவையும் ஒரு கிண்ணம் மைதாப் பசையும் கையில். பெரியம்மா வீட்டு வாசலில் தொடங்கினேன்.

"என்னடா இது?" என்று எங்கள் மொழியில் கேட்டார் பெரியம்மா.

"நாளைக்கு எங்க படையிலருந்து ஒரு பையன் வேலை கேட்டு வருவான், பெரியம்மா. புதுசு, வீடு தெரியாது. இந்தச் சீட்டு ஒட்டியிருக்கிற வீட்டுக்குத்தான் வருவான்."

"அப்படியா? தண்ணி மேல ஏத்தணும், இடுப்பு விட்டுப்போச்சு எனக்கு. நல்லா அழுத்தி ஒட்டு."

அவர் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கமாட்டார். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும் அந்தத் துண்டுத்தாளை வாசிக்கப் பொறுமையில்லை; தெரிந்த வீட்டுப் பையன் சொல்கிறான், போதும். ஒரு வீட்டில் நிலை எட்டவில்லை என்று முக்காலி எடுத்துப் போட்டார்கள். இருபத்தேழு வீடு. ஊருக்குப் போயிருந்த ஒரு வீட்டின் பூட்டுக்கு மேலும் ஒட்டினேன். அத்தனை கவனம் எனக்கு.

சனிக்கிழமை காலை எங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பின்தெரு முழுவதும் தெரியும்.

அவன் ஒன்பது மணிக்கு வந்தான். சொம்பில் தணல் போட்டுத் தேய்த்த காக்கிச் சட்டை. கைமடிப்பில் ஒரு இடம் கருகியிருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. கழுத்தில் ஸ்கார்ஃப். கையில் டப்பாவும் அட்டையும். முதல் வீட்டின் முன் நின்று, செருப்பைக் கழற்றி, தொண்டையைச் செருமி, கையைத் தூக்கினான். தூக்கிய கை நின்றது. சீட்டைப் படித்தான். செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான். அங்கும் படித்தான். விறைப்பாக நின்று, மூன்று விரலை நெற்றியில் வைத்துச் சல்யூட் அடித்தான். சார் மனசுக்குள் வைக்கச் சொன்ன சல்யூட்டை அவன் கையாலேயே வைத்துக்கொண்டு போனான்.

மூன்றாவது வீட்டில் பெரியம்மா வெளியே வந்துவிட்டார். "வா தம்பி! உனக்குத்தான் காத்திருக்கேன். அடி பம்புல தண்ணி அடிச்சு மாடிக்கு ஏத்தணும்."

அவன் சீட்டைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். ஏதோ சொன்னான். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டான். எட்டுக் குடம். அந்த வீட்டுக்கு வெளிப்படி. பச்சைக் கதவை ஒட்டி மேலே போகும். எட்டு முறை ஏறி இறங்கினான். கடைசியில் பெரியம்மா காசை நீட்டியபோது இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். அட்டையை நீட்டவில்லை.

அன்று மத்தியானம் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "என்ன பையனோ! 'உங்க வீட்டுல ஏற்கெனவே குடுத்துட்டீகம்மா, ரெண்டாந்தடவ வாங்கக் கூடாது. தண்ணி நான் சும்மா தூக்கித் தாரேன்'ங்குறான். நான் எங்க குடுத்தேன்? காச வாங்கவே இல்ல. அதுக்கப்புறம் ஒரு வீட்டு வாசப்படியும் ஏறல. எல்லாரும் கூப்பிடக் கூப்பிடக் கும்பிட்டுட்டே போயிட்டான். ரொம்ப ரோசக்காரப் பையன் போல."

காலையில் பெரியம்மா வீட்டை விட்டு இறங்கியவன் தெருக்கோடி வரை போனான். நின்றான். பிறகு திரும்பி, மறுபக்கத்து வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். பூட்டிய வீட்டின் முன்னால் அதிக நேரம் நின்றான். பிறகு மறுபடியும் ஒருமுறை கோடி வரை போனான். நான் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "மாப்ள" என்று ஒரு சத்தம் போதும். அவன் நிமிர்ந்து பார்த்திருப்பான். இத்தனை ஆண்டில் அந்தச் சத்தத்தை எத்தனையோ முறை மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன்.

சாயங்காலம் போய்ச் சீட்டுகளைக் கிழித்தேன். "வாரம் முடிஞ்சிருச்சு" என்றேன் கேட்டவர்களிடம். ஈரத்துணியால் துடைத்தும் பசை வெள்ளையாகக் கொஞ்சம் தங்கியது.

திங்கட்கிழமை சேக்காளி ஒற்றைக் கையெழுத்தும் இல்லாத அட்டையை சாரிடம் நீட்டினான்.

"எல்லா வீட்டுலயும் சீட்டு ஒட்டியிருந்துச்சு சார்."

"அந்தத் தெருவ உனக்கு மட்டும்தான குடுத்தேன்? யாருடா ஒட்டுனா?"

"தெரியல சார்."

சார் கெட்டவர் இல்லை. அன்று மாலையே தம் சைக்கிளை மிதித்துக்கொண்டு தெப்பக்குளம் வரை போனார். தெருவின் இரண்டு பக்கமும் கதவுகளைப் பார்த்தார். ஒரு சீட்டும் இல்லை. ஒரே ஒரு வீட்டில் இறங்கிக் கேட்டிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். பசைத் தடத்தைத் தொட்டுப் பார்த்திருந்தாலும் போதும். அவர் கதவுகளைத்தான் பார்க்கப் போனார், பார்த்தார், திரும்பினார். நானும் பிற்காலத்தில் அலுவலகத்தில் எத்தனையோ விசாரணைகளை அப்படித்தான் முடித்திருக்கிறேன்.

மறுநாள் அணிவகுப்பில் சார் அவனை முன்னால் அழைத்தார். பொய் சொன்னான் என்று முடிவுகட்டினால் படையைவிட்டு நீக்க வேண்டியிருக்கும். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து வேறொன்று சொன்னார். "நீ தெரு மாறிப் போயிட்டடா. வேற படைக்காரங்க வேலை செஞ்ச தெருவுக்குப் போயிருக்க. அதான் சீட்டு." அதோடு விட்டிருக்கலாம். எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "தெருவே தெரியலயே, நீ காட்டுல திசை எப்படிடா கண்டுபிடிப்ப?" என்றார். நாம் சிரித்தோம். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்ததாக ஞாபகம்.

இடைவேளையில் அவன் என்னைத் தனியே கூப்பிட்டான். இந்தக் குறிப்பில் நான் சொல்லவந்ததிலேயே சொல்லக் கூசுவது இதுதான். சீட்டு ஒட்டியதும் கிழித்ததும் இதற்கு முன் ஒன்றுமில்லை.

"மாப்ள, உங்க பின்தெருவுல மூணாவது வீடு பச்சைக் கதவா? மாடிக்கு வெளிப்படி இருக்குமா? ஒரு அம்மா இருப்பாக, இடுப்பப் பிடிச்சிட்டே நடப்பாக?"

அவன் கண்ணில் சந்தேகம் இல்லை. சாட்சிக்கு என்னைக் கேட்டான், அவ்வளவுதான். நான் சற்று யோசிப்பது போலப் பாவனை செய்தேன்.

"அப்படி ஒரு வீடே எங்க பக்கம் இல்லயேடா."

"இல்லயா?"

"இல்ல."

"அப்ப நான்தான் மாறிப் போயிட்டேன்" என்றான். அவன் முகத்தில் ஒரு விதமான நிம்மதிகூட வந்தது. குழப்பம் தீர்ந்த நிம்மதி. இடது கையை நீட்டினான். "நீயாச்சும் போயிட்டு வா மாப்ள. எனக்கு மலை எப்படி இருந்துச்சுன்னு சொல்லணும்."

ஆறு கையெழுத்தோடு நான் மலைக்குப் போனேன். குளிரும் கூடாரமும் தீமூட்டிப் பாடிய பாட்டும் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். எனக்கு நினைவிருப்பது, அவனுக்கென்று வாங்கிய ஒரு சின்னத் தைல பாட்டில். அதைக் கொடுக்கும் துணிவு வரவில்லை. முழுப் பரிட்சைக்குப் பிறகு அவன் வரவேயில்லை. அம்மா தலைவலிக்குத் தேய்த்துத் தேய்த்து அந்தத் தைலம் தீர்ந்தது.

பதினேழு ஆண்டு கழிந்தது. எனக்கு நல்ல வேலை, தெப்பக்குளத்தை விட்டு வேறு பகுதியில் வீடு. ஒருநாள் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு சீட்டுக் கட்டோடு வந்தாள். சாரணியரில் சேர்ந்திருந்தாள். அதே வாசகம், முத்திரை மட்டும் வேறு.

"அப்பா, சீட்டு ஒட்டுன வீட்டுக்குப் போகக் கூடாதாம். யாராச்சும் சும்மா ஒட்டியிருந்தா என்னப்பா செய்ய?"

"யாரும் அப்படிச் செய்யமாட்டாங்கம்மா" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பரவைக்குப் பஸ் ஏறினேன்.

காய்கறிச் சந்தையில் அவனைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. தலைச்சுமையில் தொடங்கி, ஒரு சிறிய கமிஷன் கடை வைக்கும் அளவுக்கு வந்திருந்தான். நான் போனபோது ஒரு டெம்போ டிரைவரிடம் சரக்கு இறக்க வேண்டிய முகவரியைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இன்னொரு தடவ சொல்லுங்க. எந்தத் தெரு? எத்தனாவது வீடு? வாசல்ல என்ன அடையாளம்?"

"எத்தன தடவண்ணே சொல்றது? மூணு தடவ ஆச்சு!"

"கோவிக்காதீக. எனக்குத் தெரு விசயத்துல கொஞ்சம் கோளாறு" என்று சிரித்தான். திரும்பியவன் என்னைப் பார்த்தான். ஒரு நொடிகூட ஆகவில்லை. "மாப்ள! அடேய், சட்டையெல்லாம் இன் பண்ணி... டேய், டீ சொல்லுடா மாப்ளைக்கு!"

முட்டைக்கோஸ் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து டீ குடித்தோம். மலை எப்படி இருந்தது என்று கேட்டான். பதினேழு ஆண்டுக்குப் பிறகும் அதைத்தான் முதலில் கேட்டான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை, பசை, இருபத்தேழு வீடு, மொட்டை மாடி, ஈரத்துணி எல்லாம். அவன் கேட்டுக்கொண்டே ஒரு முட்டைக்கோஸின் மேலிலையை நாராகக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப தெரு சரிதானா?" என்றான்.

"சரிதான்."

"பச்சைக் கதவு?"

"எங்க பெரியம்மா வீடு."

"தெரு சரிதானா" என்றான் மறுபடியும், தனக்குள். பிறகு, "ஒரு வீட்டயாச்சும் மறந்திருப்பாகன்னு ரெண்டு தடவ போயி வந்தேன் மாப்ள. பூட்டுன வீட்டுலகூட ஒட்டியிருந்துச்சு. ஒன்னக்கூட விடலயேடா நீ" என்றான்.

நான் என்ன செய்ய வேண்டுமோ சொல், என்றேன். அவனுக்குப் பணம் தேவையில்லை என்பது தெரிந்திருந்தும், பிள்ளைகள் படிப்புக்கு ஏதாவது என்று உளறினேன். அதை அவன் காதில் வாங்கவில்லை. எழுந்து வேட்டியை உதறிக் கட்டினான். அவன் முகத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் வந்திருந்தான்.

"எங்க அய்யாகிட்ட வந்து சொல்லு. அவரு இன்னும் 'தெரு தெரியாத பய'ன்னுதான் சொல்லிக்கிட்டிருக்காரு. பேரன் பேத்திக முன்னாடி, சம்பந்தகாரவுக முன்னாடி. எனக்கு வேற ஒன்னும் வேணாம். வா."

வீடு பக்கத்திலேயே. அவன் அப்பா வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். காது நன்றாகக் கேட்டது, கண்ணும் தெளிவு. சேக்காளிதான் முந்திக்கொண்டான்.

"அய்யா, நான் அன்னைக்குப் போன தெரு சரிதானாம்யா! இந்தா, இவரு சொல்றாரு கேளுங்க."

நான் நின்றபடியே சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் இருவர் கதவோரம் நின்றார்கள். பெரியவர் இடிப்பதை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார். இடையில் ஒருமுறை, "எல்லா வீட்டுலயுமா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

பெரியவர் இடித்த வெற்றிலையை உரலிலிருந்து உள்ளங்கையில் கொட்டினார். பிறகு அவர் மகனைப் பார்த்தார்.

"தெரு மாறிப் போயிட்டான், சின்னப் பய, புது எடம், என்ன செய்வான்னுதான் இம்புட்டு நாளும் நெனச்சிருந்தேன். சரியான தெருவுக்குப் போயுமாடா ஒரு கதவத் தட்டல?"

"சீட்டு ஒட்டியிருந்துச்சுய்யா..."

"வீட்டுக்காரி வாசல்ல நின்னு வா வாங்குறா. எட்டுக் கொடம் தண்ணி தூக்குற. நீட்டுன காச வாங்கல. ஒரு துண்டுத்தாளப் பாத்துட்டுத் திரும்பி வந்திருக்க." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு என் பக்கம் தலையை ஆட்டினார். "இவன் பொழைக்கிற புள்ள. அப்பவே தெரிஞ்சிருக்கு. நல்லா இரு தம்பி."

அவர் என்னைப் பழிக்கவில்லை. மனதாரத்தான் பாராட்டினார்.

சேக்காளி என்னை பஸ் ஏற்றிவிட வந்தான். திண்டுக்கல் சாலை வரை பத்து நிமிட நடை. அவன் எனக்கு ஓரடி முன்னால் நடந்தான். அவனிடம் ஒரு சின்னச் சமாதானம் இருந்தது: தெரு மாறிப்போயிற்று, யாருக்கும் நேரக்கூடிய பிசகு. அதை நான் வந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக என் மனம் கொஞ்சம் லேசானது. அதுதான் நடந்த பரிமாற்றம்.

தூரத்தில் பஸ் தெரிந்தது. நான் இடது கையை நீட்டினேன்.

அவன் அந்தக் கையைப் பார்த்தான். கோபம் இல்லை. ஒரு முகவரியை மூன்றாவது முறை சரிபார்ப்பது போலப் பார்த்தான். பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டு தன் வலது கையை நீட்டினான்.

நான் கையை மாற்றினேன்.

"பாத்துப் போங்க" என்றான்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் வெகுநேரம் என் வலது கையில் மல்லித்தழை வாசனை இருந்தது. பல ஆண்டு கழித்து மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனேன். "வாங்க" என்றான், வாங்கிக்கொண்டான். கல்யாணத்துக்கு வரவில்லை.